கழுத்துக்கு மேலே தமிழ்நாடு

சுந்தரதாஸுக்கு இரண்டு தொண்டை என்று பாறசாலைப் பக்கத்தில் சொல்வார்கள். ஒன்று மலையாளத்துக்கு, மற்றது தமிழுக்கு. செல்லசாமியின் சவுண்ட் சர்வீஸ் ஜீப்பில் மைக்கோடு ஏறி உட்கார்ந்தால் உதியன்குளங்கரையிலிருந்து மலையாளத்தில் முழங்கிக்கொண்டே போவார். பனச்சமூட்டில் ஜீப்பின் முன்சக்கரம் எல்லையைத் தாண்டும்போது வாய் தானாகத் தமிழுக்கு மாறிவிடும். "பிரியப்பட்ட நாட்டுகாரே" என்று தொடங்கிய அறிவிப்பு "ஆகவே தாய்மார்களே" என்று முடியும். காணாமல்போன பசுமாடானாலும், கோயில் கொடியேற்றமானாலும், நகைக்கடைத் திறப்பானாலும், அவர் வாயால் சொன்னால்தான் நடந்த மாதிரி இருக்கும்.

அந்தத் தொண்டை, 1994-ஆம் வருடம் மெதுவாகக் கம்மத் தொடங்கியது. தொண்டை மட்டுமல்ல, ஆளே மெதுவாகிப்போனார். மைக்கைப் பிடித்தபடியே தூங்கினார். சித்திரை வெயிலில் போர்வை கேட்டார். எல்லையைத் தாண்டி இரண்டு கடை போன பிறகுதான் தமிழுக்கு மாறினார்.

சர்க்கஸ் வரப்போகிறது என்று அப்போதுதான் செய்தி வந்தது. ஓணம் கழிந்து நெய்யாற்றின்கரையில் கூடாரம். இரண்டு மாநிலத்திலும் ஒரு மாதம் ஜீப் ஓடும்.

"இஞ்ச பாரும் ஓய்," என்றார் செல்லசாமி. "அதுக்குள்ள உமக்க தொண்டை நேரே ஆவணும். இல்லேன்னா மெல்பினுக்க கேசட்டைப் போட்டு விட்டிருவேன். கேசட்டு தூங்காது கேட்டீரா."

மெல்பின், பூவாறு பக்கத்துப் பையன். ஒரு அறைக்குள் இருந்து பேசிப் பதிவு செய்து, பின்னணியில் சிங்கம் உறுமுகிற சத்தமும் சேர்த்து வைத்திருந்தான். சுந்தரதாஸுக்குச் சிங்கம் உறுமத் தெரியும். ஆனால் அன்றைய நிலையில் உறுமினால் பூனை தும்மியது போலத்தான் வரும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. எல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அரிசி எந்தப் பக்கம் மலிவோ அங்கே வாங்குவார்கள், படம் எந்தப் பக்கம் புதிதோ அங்கே பார்ப்பார்கள். டாக்டரும் அப்படித்தான். சுந்தரதாஸ் இதில் ஒரு படி மேலே போய் உடம்பையே பங்கு வைத்திருந்தார். கழுத்தும் அதற்கு மேலும் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளை டாக்டருக்கு. கழுத்துக்குக் கீழே கேரளப் பக்கம் உதியன்குளங்கரை ஷியாமளா டாக்டருக்கு. ஒருவருக்கு மற்றவரைத் தெரியக்கூடாது. தெரிந்தால் இரண்டு பேருக்கும் கோபம் வரும் என்பது அவருடைய கணக்கு. அதனால் தமிழ்நாட்டுச் சீட்டு வலது பையில், கேரளச் சீட்டு இடது பையில். எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் அந்தப் பைகளை அவர் மாற்றித் தொட்டதில்லை.

களியக்காவிளை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி சோம்பிக் கிடக்கிறது, அதனால்தான் குரல் கம்மலும் தூக்கமும் குளிரும் என்றார். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க ஒரு சின்ன வெள்ளைக் குளிகை தந்தார். ஷியாமளா டாக்டரிடம் சுந்தரதாஸ் போனது நெஞ்செரிச்சலுக்கு. ராத்திரி புரோட்டாவும் இறைச்சியும் தின்றுவிட்டு உடனே படுக்கிற ஆளுக்குப் புளித்த ஏப்பம் வராமல் இருக்குமா? டாக்டர் ரோஸ் நிறத்தில் ஒரு குப்பி மருந்து தந்தார்.

குளிகை தின்றும் குரல் வரவில்லை. களியக்காவிளை டாக்டர் அளவைக் கூட்டினார். ஷியாமளா டாக்டர், வயிற்றுப் புளிப்பு தொண்டை வரை ஏறிக் குரலைக் கெடுக்கிறதோ என்று நினைத்து ரோஸ் மருந்தைக் கூட்டினார். குரல் இன்னும் இறங்கியது. களியக்காவிளையில் மறுபடி கூட்டினார்கள்.

"நீரு குளிகையைத் திங்கிறீரா, இல்ல கோழிக்குப் போடுதீரா?" என்று அந்த டாக்டர் கேட்டேவிட்டார்.

"ஒருநாள் தெற்றியதில்ல சாரே, தவறாம திங்குதேன்," என்றார் சுந்தரதாஸ். அது உண்மைதான்.

வீட்டில் மனைவி விமலகுமாரிக்குச் சந்தேகம் இருந்தது. "இஞ்சேருங்க, ரெண்டு டாக்டருமாட்டு ஒண்ணு பேசட்டும். நீங்க மட்டும் நடுவில நின்னு என்னத்தக் கண்டிய?"

"நீ சும்மா கெட பிள்ளே. ரெண்டு கெவர்மெண்டு பேசியே தண்ணிப் பிரச்சினை தீரல்ல. ரெண்டு டாக்டர் பேசினா தீருமாக்கும்!"

ஆடி மாதம் ஒரு காலையில் துணிக்கடைத் திறப்பை அறிவிக்க ஜீப் கிளம்பியது. ஓட்டியது சஜி. உதியன்குளங்கரை ஜங்ஷனில் டீக்கு நிறுத்தினான். எதிரே ஷியாமளா டாக்டரின் கிளினிக். வாசலில் நோயாளிகள், டீக்கடையில் ஆள்கூட்டம், பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள். அவசரத்தில் வீட்டில் குளிகை தின்ன மறந்தது சுந்தரதாஸுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மைக்கை மடியில் வைத்தார். முன்பெல்லாம் பேச்சு நின்ற அதே நொடியில் அவர் கட்டைவிரல் சுவிட்சை அணைத்துவிடும். இப்போது கட்டைவிரலும் மெதுவாகிவிட்டிருந்தது.

வலது பையிலிருந்து குளிகையை எடுத்து வாயில் போட்டு, ரோஸ் குப்பியைக் கவிழ்த்தார். களக், களக் என்று ஜங்ஷன் முழுக்கக் கேட்டது.

"அண்ணே, வெள்ளம் வேண்டாமா?" என்றான் சஜி.

"எதுக்குலே? வெறும் வயித்துல குளிகை விழுந்தா நெஞ்சு எரியும். இந்த மருந்தோட விழுங்கினா, குளிகைக்கு மெத்தை விரிச்ச மாதிரியாக்கும்."

"டாக்டர் சொல்லித் தந்ததா?"

"எந்த டாக்டர்? குளிகை தமிழ்நாடு, மருந்து கேரளா. கழுத்துக்கு மேல அவரு, கழுத்துக்குக் கீழ இவிய. ஒருத்தருக்கொருத்தர் தெரியாது மக்கா. அவரு குளிகையைக் கூட்டினாரு, இவிய மருந்தைக் கூட்டினாவ. நான் ரெண்டு இடத்திலயும் தலையை ஆட்டீட்டு வாங்கீட்டு வாறேன். ஷியாமளா டாக்டர் பாவம், எனக்கு வயித்தைத் தவிர வேற உறுப்பே கிடையாதுன்னு நம்பிட்டிருக்கு!"

டீக்கடையில் யாரோ கண்ணாடித் தம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சஜி திரும்பிப் பார்த்தான். ஜங்ஷனே ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அண்ணே," என்றான் மெல்ல. "மைக்கு."

கிளினிக் வாசலில் ஷியாமளா டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நின்றிருந்தார்.

"இறங்கி வாருங்க சுந்தரதாஸ். வயித்தையும் மத்த உறுப்புகளையும் எல்லாம் எடுத்திட்டு வாருங்க."

அவர் இறங்காமல் குப்பிக்கு மூடி தேடினார். டாக்டரே ஜீப்புக்கு வந்துவிட்டார். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் மனம் வரவில்லை. டாக்டர் வலது பைக்குள் கைவிட்டுக் குளிகை அட்டையை எடுத்துப் படித்தார். பிறகு ரோஸ் குப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த மருந்து வயித்துப் புளிப்பை அடக்கும். அதோட இந்தக் குளிகையையும் கட்டிப் பிடிச்சிடும். ரத்தத்தில சேர விடாது. நீங்க மெத்தை விரிச்சீங்க. அது குளிகையை மெத்தையோட சுருட்டி வெளியே கொண்டு போயிட்டுது."

கூட்டம் ஓவென்று சிரித்தது.

"அப்ப நான் தின்னது மொத்தம்?"

"பெரும்பாலும் வீண். எழுந்ததும் வெறும் பச்சத்தண்ணியில குளிகை. ரோஸ் மருந்து நாலு மணிக்கூர் கழிஞ்சுதான். ராத்திரி தின்ன உடனே படுக்கவும் கூடாது."

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் குரல் கொடுத்தாள். "டாக்டரே, நான் ரத்தக்குறைவுக்கு இரும்புக் குளிகை திங்கிறேன். அதையும் இதோட சேத்துதான்..."

"அதுவும் கூடாது. மாத்தி மாத்தித் தின்னணும்."

டீக்கடைக்காரர் எழுந்தார். "எனக்கு புண்ணு பழுத்ததுக்குத் தந்த கேப்சூளு?"

"எந்த கேப்சூளுன்னு கொண்டு வந்து காட்டுங்க. அதிலயும் சிலது இதோட சேராது."

பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. துணிக்கடை எந்த நாள் திறக்கிறது என்பது அந்த ஊருக்கு அன்று தெரியவே இல்லை.

டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் சுந்தரதாஸைக் கலக்கியது. குளிகை வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவை இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். இனி தண்ணீரோடு விழுங்கினால் அவ்வளவும் ரத்தத்தில் சேரும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். "இன்னைக்கே அந்த டாக்டரைப் போய்ப் பாருங்க. எல்லாம் சொல்லுங்க. கழுத்துக்குக் கீழ உள்ளதும் சேத்து."

சிங்கத்தைப் போல உறுமத் தெரிந்த மனிதர், விமலகுமாரியை முன்னால் விட்டுவிட்டு அவள் பின்னால் களியக்காவிளைக் கிளினிக்குள் நுழைந்தார். ஆனால் செய்தி அவருக்கு முந்தி எல்லையைத் தாண்டியிருந்தது.

"மெத்தை விரிச்ச ஆளு நீருதானா?" என்று கேட்டு டாக்டர் மேசையில் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கோபப்பட்டார். அளவைப் பழையபடி குறைத்து, ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொன்னார். ரோஸ் மருந்தின் பெயரையும் தன் சீட்டிலேயே எழுதிக்கொண்டார்.

செல்லசாமிக்கோ துணிக்கடைக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "ஓணம் வரைக்கும் மைக்கைத் தொடாதீரும்" என்று சொல்லிவிட்டார். மெல்பினின் கேசட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டது. சுந்தரதாஸ் காலையில் பச்சத்தண்ணியும் குளிகையுமாக எழுந்து, வீட்டில் இருந்தார்.

குரல் திரும்புவதை முதலில் அறிந்தவள் விமலகுமாரி. மீனுக்கு உப்பு போதாது என்று அவர் சொன்னார், அவள் திருப்பிச் சொன்னாள், அவள் முடிப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார். பல மாதமாக அந்த வீட்டுச் சண்டைகளில் அவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்க தெய்வமே, சத்தம் வந்தாச்சு," என்றாள். அதில் சந்தோஷம் பாதி, சங்கடம் பாதி.

ஓணம் கழிந்து சர்க்கஸ் மேனேஜர் வந்தார். அவரையும் சுந்தரதாஸையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு செல்லசாமி முதலில் கேசட்டைப் போட்டார். நன்றாகவே இருந்தது, சிங்கமும் உறுமியது. ஆனால் பனச்சமூடு எல்லை வந்தபோது கேசட்டு தன்பாட்டுக்கு மலையாளமே பேசிக்கொண்டு போயிற்று. சஜி அதை வெளியே எடுத்துத் தமிழ்ப் பக்கத்துக்குத் திருப்பிப் போடுவதற்குள் ஜீப் சந்தையைத் தாண்டிவிட்டது. மேனேஜர் பின்னால் இருந்த சுந்தரதாஸைப் பார்த்தார். சுந்தரதாஸ் எட்டி மைக்கை எடுத்தார். ஒரே ஒரு தடவை உறுமினார். தாண்டி வந்த சந்தையில் இரண்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

மறுநாள் ஜீப் உதியன்குளங்கரை ஜங்ஷனுக்கு வந்தது. யானை, சிங்கம், மோட்டார் சைக்கிள் சாகசம் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், கிளினிக் வாசலில் மூச்சு விடாமல் சேர்த்துச் சொன்னார்:

"டாக்டரே, குளிகை பச்சத்தண்ணியிலாக்கும்! மருந்து உச்சி நேரத்துக்காக்கும்! ராத்திரி புரோட்டா மட்டும் விட முடியல்ல, க்ஷமிக்கணும்!"

ஜன்னலுக்குள்ளிருந்து என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை. அதற்குள் சுந்தரதாஸின் கட்டைவிரல் சுவிட்சை அணைத்திருந்தது.