தவராசா அண்ணையின் குவியல்கள்

“எனக்கு ஒரு மணமும் இல்லையே, மிஸ்...”

இந்த வசனத்தை என் உத்தியோகத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அரிசி ஆலைக்காரர் சொல்லியிருக்கிறார். மாட்டுப்பட்டிக்காரர் சொல்லியிருக்கிறார். ஒரு கோழிப்பண்ணை முதலாளி, மூக்கைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

என்ன செய்வது? சுற்றாடல் உத்தியோகத்தர் வேலை அப்படி. எங்கே நாற்றம் என்று முறைப்பாடு வருகிறதோ, அங்கே என் ஸ்கூட்டி போய் நிற்கும். மணக்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். மணக்கிறது என்று நான் எழுதுவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரிவோம்.

ஆனால் இந்த மாரி முடிந்த கையோடு அதே வசனத்தை எனக்குச் சொன்ன மனிதர்... பொய் சொல்லவில்லை.

விசுவமடுவுக்கு அங்கால், உட்பக்கமாக ஒரு கிறவல் வீதி. அதன் முடிவில் ஒரு கொம்போஸ்ட் யார்ட். ஊரிலுள்ள சிறிய சங்கமொன்று நடத்துகிறது. வளவு துப்புரவாக்கும்போது சேரும் இலைகுழை, வேலி வெட்டிய கிளுவங்கொப்பு, தென்னோலை, புல் எல்லாம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் அங்கே வந்து சேரும். அரைத்து, குவித்து, தண்ணீர் விட்டு, பிரட்டி, சில மாதங்களில் கறுத்த பசளையாக்கி மூட்டை கட்டுவார்கள். தோட்டக்காரர்கள் வந்து வாங்கிப்போவார்கள். ஏழெட்டுப் பெண்களுக்கு அதுதான் சீவியம்.

பொறுப்பாளர் தவராசா அண்ணை. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். வலது காதுக்கு மேலே மயிர் முளைக்காத ஒரு தழும்பு. எங்கள் பக்கத்தில் தழும்பைப் பற்றி யாரும் யாரிடமும் விசாரிப்பதில்லை. நானும் விசாரித்ததில்லை.

ஒவ்வொரு வருடமும் உரிமம் புதுப்பிக்கிற நேரம் அங்கே போவேன். குறை என்று எழுத எதுவும் இருக்காது. குவியலுக்குள் கையை விட்டால் இளஞ்சூடு. ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தால் காட்டுக்குள் நிற்பது போலிருக்கும். வேறு யார்ட்காரர்கள் என்னிடம் முறைத்துக்கொண்டால், “ஒருக்கா தவராசா அண்ணையிட்டைப் போய்ப் பாத்திட்டு வாங்கோ” என்பேன்.

அந்த இடத்தைப் பற்றியா முறைப்பாடு? ஏதோ காணிச் சண்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மதகடியில் ஸ்கூட்டி திரும்பும்போதே நினைப்பு மாறிவிட்டது. கூழ்முட்டை நாற்றம். யார்ட் கேற்றுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் கிடந்தது.

முறைப்பாடு கொடுத்த ஜெசிந்தா வீதியிலேயே காத்து நின்றாள். யார்டுக்குப் பக்கத்து வளவு. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து கலியாணம் கட்டி இங்கே வந்தவள்.

“மிஸ், நான் கருவாடு காயப்போட்ட முத்தத்திலை வளர்ந்தனான். மணத்துக்குப் பயந்த ஆள் இல்லை. ஆனா இது தாங்கேலாது. பிள்ளைக்குப் பால் குடுத்தால் கக்கிறான். கிணத்துப் பக்கமா வேறை கறுத்த தண்ணி வருது. வந்து பாருங்கோ.”

பார்த்தேன். யார்டின் பின் வாய்க்கால் இலைகளால் அடைபட்டு, கறுப்பு வடிநீர் மேலால் வழிந்து அவளுடைய வேலிக்குள் போய்க்கொண்டிருந்தது. கிணற்றுக்கட்டை இன்னும் தொடவில்லை. இன்னொரு மழை பெய்தால் தொட்டுவிடும்.

தவராசா அண்ணை வழக்கம் போல கேற்றடிக்கு வந்து வரவேற்றார். சேர்ட்டின் மேல் பொத்தான் மாறிப் பூட்டப்பட்டிருந்தது. ஆள் பாதியாகிவிட்டார். மனைவி பவளக்கா காலபோக நெல் விதைப்பு நேரம் எலிக்காய்ச்சலில் செத்துப்போனா என்று கேள்விப்பட்டிருந்தேன். துக்கம் விசாரித்தேன்.

“ஓம் மிஸ். நாலு நாள் காய்ச்சல். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. அவ்வளவுதான்.”

குவியல்களுக்குப் போனோம். ஒவ்வொன்றும் மோசம். நடுவிலே கிடந்ததுதான் படு மோசம். மாரி மழையில் பச்சைப்புல் நனைந்து, படிந்து, உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் அழுகியிருந்தது. கம்பியை விட்டுக் கிளறினேன். குப்பென்று வந்தது பாருங்கள்... எனக்குக் கண்ணால் தண்ணீர் ஓடிற்று. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

அவரோ, நான் கிளறிய இடத்திலேயே குனிந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

“ஈரம் கொஞ்சம் கூடத்தான் மிஸ். ஆனா எனக்கு ஒரு மணமும் இல்லையே...”

எனக்குக் கோபம் வந்தது. இவருமா? “அண்ணை, கொஞ்சம் நேர்மையாக் கதையுங்கோவன்” என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா நின்றிருக்கிறாள். அவளுடைய குரல் என்னுடையதை விடப் பெரிது.

“கேக்கிறீங்களே மிஸ்? எனக்கும் இதைத்தான் சொன்னவர்! அண்ணை, உங்களுக்கு மூக்கில்லையோ?”

தவராசா அண்ணை கையிலிருந்ததை மெல்லக் குவியலிலேயே போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தேன்.

அரைக்கும் மெஷினடியில் நின்ற இந்திராவிடம் தனியே கேட்டேன். யார்டில் கனகாலம் வேலை செய்பவள்.

“நாங்கள் சொன்னனாங்கள் மிஸ். கொம்போஸ்ட் எண்டால் மணக்கும்தானே எண்டு சிரிச்சார். மனுசி செத்த ஆள்... அதுக்கு மேலை என்னெண்டு கதைக்கிறது? விட்டிட்டம்.”

நியாயம்தானே? துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் உன் வேலை நாறுகிறது என்று எப்படிச் சொல்வது?

மத்தியானமாகிவிட்டது. அறிக்கையைக் கதைத்து முடிப்பதற்காக அவருடைய சின்ன அறைக்குள் போய் இருந்தேன். எனக்கொரு கதிரை, அவருக்கொரு மர வாங்கு. பெண்கள் தங்கள் சாப்பாட்டோடு மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

“சாப்பிட்டுக்கொண்டு கதைப்பமே, மிஸ்?” என்று தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். இடியப்பம். மேலே சொதி.

மூடி திறந்தவுடனேயே தெரிந்துவிட்டது. தேங்காய்ப்பால் பழுதாகிப் புளித்த மணம். அந்த அறை முழுக்கப் பரவிற்று.

அவர் பிசைந்து, ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சற்றே சுளித்தார்.

“நேத்து இரவு வைச்ச சொதி. தேசிக்காய்ப் புளி கொஞ்சம் கூடிப்போச்சுப் போலை...”

அடுத்த வாய்க்குக் கை போனது.

“அண்ணை, வேண்டாம்! அதைச் சாப்பிடாதேங்கோ. பழுதாப் போச்சு.”

கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு, மூடியை மூடினார். அந்த மூடியை விரலால் தடவினார்.

எனக்கும் அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று.

“எனக்கு மணம் தெரியாது, தங்கச்சி.”

இத்தனை வருடம் மிஸ். இப்போது தங்கச்சி.

“தலையிலை காயம் பட்டதோடை போனது. கடைசிச் சண்டையிலை, மாத்தளன் பக்கம். கண் முழிச்சாப் பிறகு ஒண்டுமே மணக்கேல்லை. உயிர் தப்பினது போதும் எண்டு இருந்திட்டன். இந்த வேலை வரேக்கை சொல்லப் பயம். மூக்கு வேலை செய்யாதவனைக் கொம்போஸ்டுக்கு ஆர் எடுப்பினம்?”

“பிறகு எப்பிடி அண்ணை... இவ்வளவு வருசமும்?”

“அவாதான்.”

பவளக்கா இந்த யார்டுக்குள் கால் வைத்ததே இல்லையாம். வயலும் வீடும் அவவுக்குப் போதுமான வேலை. ஆனால் பின்னேரம் இவர் வீட்டுக்குப் போனவுடன் சேர்ட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அவா அதை வாங்கி மணந்து பார்ப்பா. பிறகுதான் கதை.

“‘இண்டைக்கு நல்லாக் கிடக்கு’ எண்டுவா. இல்லாட்டி, ‘என்னப்பா, இது கூழ்முட்டை மாதிரி மணக்குது, எந்தக் குவியலோடை நிண்டனீங்கள்?’ எண்டு கேப்பா. நான் சொல்லுவன். ‘விடிய முதல் வேலையா அதைப் பிரட்டுங்கோ, காய்ஞ்ச சருகு போடுங்கோ’ எண்டுவா. சில நாள் ஒண்டும் சொல்லாமல் வாளிக்குள்ளை போட்டிடுவா. அப்பிடியெண்டால் எல்லாம் சரி.”

நான் வருடா வருடம் மெச்சிவிட்டுப் போன யார்டை நடத்தியது, நான் ஒருநாளும் காணாத ஒரு மூக்கு.

“அவா போனாப் பிறகு கையாலை பிழிஞ்சு பாத்தன். சூடு பாத்தன். சமாளிக்கலாம் எண்டுதான் நினைச்சன். மாரி விடேல்லை... இப்பவும் வீட்டை போனவுடனை சேர்ட்டைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன், தங்கச்சி. பிறகுதான் நினைவு வரும்.”

வெளியே பெண்கள் எதற்கோ சிரிப்பது கேட்டது.

அவரே தொடர்ந்தார்.

“எட்டாம் நாள் செலவு முடிஞ்சு, மகள் அலுமாரியைத் திறந்து அவவின்ரை சீலை ஒண்டை எடுத்தவள். முகத்திலை வைச்சு அழுதவள். ‘அப்பா, அம்மா மணக்கிறா’ எண்டவள். நானும் வாங்கி முகத்திலை வைச்சன்...”

நிறுத்தினார்.

“துணி, தங்கச்சி. வெறும் துணி.”

எத்தனையோ இழப்பு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். இந்த மண்ணில் போகாதவர் யார்? ஆனால் இப்படியொரு இழப்பு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. இறந்தவர்கள் நமக்கு விட்டுப்போகிற கடைசிப் பொருள் மணம்தானே. அது அலுமாரிக்குள் இருக்கிறது. மகளுக்குக் கிடைக்கிறது. முப்பது வருடம் அவவோடு வாழ்ந்தவருக்கு இல்லை.

சரி. என் வேலை?

கைக்குழந்தையும் கிணறும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தன. இரங்கினால் வடிநீர் நின்றுவிடுமா? புதிதாக இலைகுழை எடுக்கக் கூடாது, எல்லாக் குவியலையும் கலைத்து மறுபடி கட்ட வேண்டும், வாய்க்காலைத் துப்புரவாக்கித் திசை திருப்ப வேண்டும், அதுவரை உரிமம் இல்லை. எழுதினேன். வாசித்தும் காட்டினேன். அவருடைய மூக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. குவியலைப் பார்க்கத்தான் என்னை அனுப்பியது.

“சங்கத்துக்கு நானே சொல்லுறன்” என்றார் தவராசா அண்ணை. “இனி மறைச்சு என்ன? மறைக்கிறதுக்கு உதவி செய்த ஆளும் இல்லை.”

சொன்னாராம். கூட்டத்தில் எழுந்து நின்று, தலைத்தழும்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னாராம். குவியல்களின் பொறுப்பை இந்திராவிடம் கொடுத்தார்கள். இவரைப் போகச் சொல்லவில்லை. கொப்பு அரைக்கும் மெஷினுக்கு மாற்றினார்கள்.

போன கிழமை மறுபரிசோதனைக்குப் போனேன்.

ஜெசிந்தா இந்த முறையும் வீதிக்கு வந்தாள். முறைப்பாடு இல்லை. “வாய்க்கால் வெட்டிட்டினம் மிஸ், பிள்ளையும் சுகம்” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “நான் கேட்டது தெரியும்தானே உங்களுக்கு... மூக்கில்லையோ எண்டு... வேலியிலை நிண்டு ஊர் கேக்கக் கத்தினன். தெரிஞ்சிருந்தால் கேப்பனே? போய்ச் சொல்லுவம் எண்டால் கால் வருகுதில்லை.”

“போய்ச் சொல்லு” என்றேன். வேறென்ன சொல்ல?

உள்ளே இந்திரா ஒவ்வொரு குவியலாகக் கூட்டிக்கொண்டு போனாள். நடுக் குவியலையும் கிளறிப் பார்த்தேன். கூழ்முட்டையும் இல்லை, கறுத்த தண்ணீரும் இல்லை. ஈரம் அளவு. அடித்தளம் காய்ந்திருந்தது. இந்திரா நன்றாகச் செய்கிறாள்.

மெஷினடியில் தவராசா அண்ணை கொப்புகளை ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருடைய கதையை எழுதலாமா என்று அப்போதுதான் கேட்டேன்.

“எழுதுங்கோ. அவவைப் பற்றி வடிவா எழுதுங்கோ.”

“யார்ட் நல்லாய்த்தான் இருக்கு அண்ணை. இனிப் பயப்பிட ஒண்டுமில்லை” என்றேன், ஆறுதலாக இருக்கட்டுமென்று.

தலையாட்டினார். குவியல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஓம் தங்கச்சி. இந்திரா கெட்டிக்காரி. எல்லாம் ஒழுங்கா நடக்குது...”

நான் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன்.

“அவா இல்லாமலே நடக்குது. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.”

பரிசோதனை அறிக்கையில் ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்... குவியல்களைப் பற்றித்தான்!