கியர் இல்லாத வண்டி

கேள்விப்பட்டதை நம்பியதால் நேர்ந்த விபத்து இது. ஆகவே, நான் கண்டதையும் படித்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

பதினாறு வயதான என் மகளின் உரிமம் கியர் இல்லாத வண்டிக்கானது. ஸ்கூட்டர் எதுவாயினும் அதற்குப் பொருந்தும் என்று பிறர் சொன்னதை நம்பி, பாப்பாரப்பட்டியில் பழைய வண்டி ஒன்றைத் தேர்ந்தோம். பனி விலகாத காலையில் அவள் அதை ஓட்டிப் பார்த்தாள். வண்டி வெண்மைக்குள் கரைந்தது. ஓசை மட்டும் சற்றுநேரம் மிதந்து, பின் நின்றது. ஓடினேன். ராகிக் கொல்லையில், நனைந்த கதிர்களின்மேல் கீறலின்றி அமர்ந்திருந்தாள்.

“புடிச்சது பிரேக்குன்னுதாம்பா நெனச்சேன், ஆக்சிலேட்டர முறுக்கிட்டேன்,” என்றாள்.

கொல்லைக்கார அம்மா சிரித்தார்: “கியர் இல்லைன்னா வேகமும் இல்லைன்னு நெனச்சீங்களாங்க?”

பின்னரே சட்டத்தைப் படித்தேன். அவள் வயதுக்கு ஐம்பது சிசிக்கு மிகாத எஞ்சினே கூடும். நாங்கள் தேர்ந்ததோ அதைப்போல் இருமடங்கு. இப்போது எஞ்சினின் அளவைத்தான் முதலில் கேட்கிறேன்.

அன்று வண்டி பாய்ந்த வழியில் சுற்றுச்சுவரில்லாத கிணறு ஒன்று இருந்தது. வண்டி அதை எப்படி விலகிச் சென்றது என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.