துண்டைத் தொட்டபோது

என் நண்பர் மேடையில் வசனம் மறந்து என்னிடம் உதவி கேட்டார். அவர் கேட்டது எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டிய வரியும் தெரிந்தது. நான் சொல்லவில்லை. சொல்லாமல், அவருடைய மறதியை வைத்தே ஊரைச் சிரிக்கவைத்தேன். விருத்தாசலத்தில் அன்று சிரித்தவர்கள் இதை எப்போதோ மறந்திருப்பார்கள். அவருடைய மனைவியும் நானும் மறக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தோம். வேதியியல் படித்தவன் என்பதால் பாண்டங்களின் மேல்பூச்சு கலக்கும் பிரிவை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அவர் அச்சுப் பிரிவு. களிமண் கூழை அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து, பொம்மையையோ கோப்பையையோ சேதமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். கையால் அச்சைத் தட்டிப் பார்த்து, "இன்னும் எந்திரிக்கல, தூங்குது" என்று ஏதாவது சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே வேலை செய்வார்கள். அவர் லீவு போட்ட நாட்களில் அந்தக் கொட்டகை எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவில்லை. அவர் லீவு போட்டதே அபூர்வம்.

மே மாதத்தில் ஊரில் கோடைக் கலைவிழா நடக்கும். பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, பரதநாட்டியம், கரகம், பட்டிமன்றம், பிள்ளைகளின் ஓவியம் என்று சில நாட்கள் நடத்திவிட்டு, கடைசி நாள் நகைச்சுவைக்கு ஒதுக்குவார்கள். மணலின் சூடு ஆறிய பிறகுதான் ஜனங்கள் வந்து உட்காருவார்கள். பெண்ணாடம் பக்கத்திலிருந்து டிராக்டரிலேயே குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், கடைசி நாளின் கடைசி நிகழ்ச்சி எங்களுடையது.

நாடகம் என்று சொல்ல முடியாது. ஒரு விசாரணை. நான் கோட்டு போட்ட அதிகாரி, அவர் தொழிலாளி. கோப்பையை யார் உடைத்தது என்று நான் கேட்பேன். காற்று உடைத்தது என்பார். அப்புறம் பூனை. அப்புறம் நான் போட்ட தும்மல். கடைசியில், அந்தக் கோப்பை பிறக்கும்போதே மனசு உடைந்துதான் பிறந்தது என்று சொல்லி அழுவார். நானும் சேர்ந்து அழுவேன். காற்றும் பூனையும் எப்போதும் உண்டு; மற்ற காரணங்கள் ஒவ்வொரு வருடமும் மாறும். எல்லாம் அவர் யோசித்தவை.

எதையும் எழுதிவைத்து மனப்பாடம் செய்ததில்லை. சாயங்காலங்களில் பேசிப் பேசிச் சேர்த்ததுதான். அதனால் மேடையில் மறந்துபோவது உண்டு. அதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். அவருக்கு வசனம் வராவிட்டால் தோளில் கிடக்கும் துண்டைத் தொடுவார். எனக்கு வராவிட்டால் நான் மூக்குக்கண்ணாடியைத் தொடுவேன். மற்றவர் உடனே அடுத்த வரியின் முதல் சொல்லைத் தன் பேச்சில் நுழைத்துவிட வேண்டும். கூட்டத்துக்குத் தெரியாது. உண்மையில் அதிகம் தடுமாறியவன் நான்தான். நான் கண்ணாடியைத் தொட்டு அவர் கைவிட்டதே இல்லை.

அந்த வருடம் விழாவுக்கு முன், அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் மனைவி என்னை வரச்சொன்னார். எப்போதும்போல் காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இந்த வருஷம் அவர மேடையில ஏத்தாதீங்கண்ணா. மறதி அதிகமாயிட்டு வருது. முந்தாநாளு கடைக்குப் போனவரு வூட்டுக்கு வர வழி தெரியாம ஜங்ஷன்ல நின்னுருக்காரு."

புதுச்சேரியில் டாக்டரிடம் காட்டியிருந்தார். இது குறையாது, கூடத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டார்களாம். அச்சுப் பிரிவில் கை பழகிய வேலை என்பதால் இன்னும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தார். "வேலைக்குப் போயி நாலு பேரோட பேசிட்டு வர்ற வரைக்குந்தான் அவரு அவரா இருப்பாரு" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆனால் மறுநாள் நண்பரே என் மேஜைக்கு வந்து, "என்ன சார், இந்த வருஷம் கோப்பைய யாரு ஒடைக்கறது?" என்று கேட்டபோது நான் மறுக்கவில்லை. அவர் ஆசைப்படுகிறார், எப்படித் தடுப்பது என்று அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அது பாதி உண்மை. சென்னையிலிருந்து தொலைக்காட்சிக்காரர் ஒருவர் விழாவுக்கு வருகிறார், பிடித்திருந்தால் நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவார் என்று விழாக் குழுவில் பேசிக்கொண்டார்கள். கோட்டு போட்ட அதிகாரியாக டி.வி.யில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த மீதிப் பாதியை நான் சொல்லவில்லை.

அவர் மனைவி, "துண்டத் தொட்டா எடுத்துக் குடுத்துருவீங்கல்ல?" என்றார்.

கொடுப்பேன் என்றேன்.

விழாவின் கடைசி நாள், எங்களுக்கு முன் மேடை ஏறிய பையன்கள் சினிமா நடிகர்களின் குரலில் பேசிப் பந்தலை அதிரவைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் ஆரம்பித்தபோது பின்வரிசையில் ஆட்கள் எழுந்து பைக்குகளை எடுக்கப் போனார்கள். முதல் காரணத்துக்கு முன்வரிசை மட்டும் சிரித்தது. தொலைக்காட்சிக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது காரணத்தில் என் நண்பர் நின்றுவிட்டார். கை தோளுக்குப் போய்த் துண்டைத் தொட்டது.

பூனை என்ற ஒரு சொல் போதும். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் விழித்து நின்ற கோலத்தைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது. தொலைக்காட்சிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் அந்தச் சொல்லை விழுங்கினேன்.

"ஏன்யா, ஒடச்சது மறந்துபோச்சா, இல்ல கோப்பையே மறந்துபோச்சா?" என்றேன். நல்ல சிரிப்பு. ஊர் பேராவது ஞாபகம் இருக்கிறதா என்றேன். சரியாகச் சொன்னார். கைதட்டினார்கள். அவர் மறுபடியும் துண்டைத் தொட்டார். இந்தத் தடவை அதைப் பிடித்து இழுத்தார், நான் கவனிக்கவில்லை என்று நினைத்தவர்போல. எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை.

"சரி, பொண்டாட்டி பேரு என்ன?"

அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. பெயர் வரவில்லை. பந்தலில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிக்க ஆரம்பித்தார். நன்றாகச் செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்து வந்து மேடைப் படிக்குக் கீழே நின்றார். அவர் இறங்கியதும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை.

தொலைக்காட்சிக்காரர் என் கையைக் குலுக்கினார். அந்த மறதியை மட்டும் தனியாகச் செய்தால் சூப்பராக இருக்கும், சொல்லியனுப்புகிறேன் என்றார். மறுநாள் காலை அதைச் சொல்ல நான் நண்பர் வீட்டுக்குப் போனேன். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அந்தச் செய்தியோடு, சந்தோஷமாகத்தான் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டு, "அவரு தூங்கறாரு, சார்" என்றார். அதுவரை என்னை அண்ணா என்றுதான் அழைத்துவந்தார்.

சென்னையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஆனால் என் வசனம் ஊரில் தங்கிவிட்டது. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கம்பெனி வாசலில், நண்பரைப் பார்த்தால் பையன்கள், "அண்ணே, பொண்டாட்டி பேரு என்ன?" என்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு கலைஞரைப் பாராட்டுவதாகத்தான் நினைத்தார்கள். முதலில் அவர் சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்வார். பிறகு சில நாள் சொல்ல வரவில்லை. அப்புறம் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். வேலைக்குக் கிளம்பி, தெருமுனையில் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாராம். மழைக்காலத்துக்கு முன்பே வேலை நின்றுபோனது. கம்பெனியில் யாரும் நிறுத்தவில்லை. அவரே போகவில்லை. அவர் மனைவி அதே கம்பெனியில் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு வந்தார். தினமும் என் மேஜையைத் தாண்டித்தான் போவார்.

அடுத்த மே மாதம் விழாக் குழுவிடம் மேடையில் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன். கோட்டு போடாமல், வேட்டி சட்டையோடு போய் நின்றேன். போன வருடம் நீங்கள் பார்த்தது நடிப்பு இல்லை, அவருக்கு நோய், எனக்குத் தெரிந்தே அப்படிச் செய்தேன் என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். புதிதாக ஒன்று செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். என் குரல் உடைந்தபோது இன்னும் சிரித்தார்கள். கோப்பைக்காக நான் அழும்போதும் என் குரல் இப்படித்தானே உடையும். பின்னாலிருந்து ஒருவர், "பொண்டாட்டி பேரு என்ன சார்?" என்று கத்தினார். அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. கை தானாகப் போய் மூக்குக்கண்ணாடியைத் தொட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

மறுநாள் கம்பெனியில் அவர் மனைவி என் மேஜை முன் நின்றார். கோபமாகப் பேசவில்லை.

"மன்னிப்பு கேக்கறதுக்கும் உங்களுக்கு மேடைதான் வேணுமா சார்? வூடு இங்கதான இருக்குது."

அதன்பிறகு நான் மேடை ஏறவில்லை. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சார், பாத்துக்கலாம்" என்றார். கரண்ட் பில் கொண்டுவந்தவரிடமும் சற்று முன் அதையேதான் சொல்லியிருந்தார்.

அதிலிருந்து சாயங்காலங்களில் போய்வந்தேன்; ஓய்வு பெற்றபின் பகலிலும் போனேன். அவர் மனைவி வேலையிலிருந்து வரும்வரை அவரோடு உட்கார்ந்திருப்பேன். அவர் மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொன்னதில்லை. என் நண்பர் ஏதாவது சொல்ல ஆரம்பித்து நிற்கும்போது சொல்லை எடுத்துக் கொடுப்பேன். சட்டை, சோறு, மழை. சில சமயம் தலையாட்டுவார். மனைவி பெயரை மட்டும், அவர் கேட்காமலேயே, அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது யாரோ ஒருவரின் பெயர்.

அவர் இறப்பதற்கு முந்தைய கோடையில் ஒரு நாள். அவர் மனைவி வேலையிலிருந்து வந்து உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். நண்பர் நாற்காலியில் பனியனோடு இருந்தார். என்னைப் பார்த்தார். கை மெதுவாக எழுந்து தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை. வெறும் தோளை விரல்களால் தேய்த்தார். அவர் காதருகே குனிந்து, அன்று கொடுக்காததைக் கொடுத்தேன்.

"பூன வந்துச்சுங்கய்யா. பூனதான் ஒடச்சிச்சு."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் இன்னும் சத்தமாகப் பூனை என்றேன்.

அவர் மனைவி ஈரக்கையோடு வந்து பார்த்தார்.

"அது இல்ல சார். தண்ணி கேக்கறாரு."

உள்ளே போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் முகவாயைத் தாங்கிப் பிடித்து, சிந்தாமல் குடிக்கவைத்து, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரிசி களையும் சத்தம் மறுபடியும் கேட்டது. அன்று நல்ல வெயில். எனக்கும் தாகமாகத்தான் இருந்தது. நான் கேட்கவில்லை.