கடல்மேல் முழுநிலா

ஸ்ரீவராகத்து மஹேஷுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலேயே உடனே மாட்டிக்கொள்கிற ரகம். அப்படிப்பட்டவன் மூன்று மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வந்தான். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் பதினாறு வருடம் பார்த்த கம்ப்யூட்டர் வேலை போய்விட்டது. தெரிந்தால் மனைவி பத்மப்ரியா தன்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும் என்று பயம். அதனால் வழக்கம்போலத் தினமும் இரவு எட்டுக்கு 'நைட் ஷிப்ட்' என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். காலை ஏழுக்குத் திரும்புவான். கம்பெனி கடைசியாகக் கொடுத்த தொகை சம்பளமாக வேஷம் போட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பன் வினீத்தின் பட்டறைக்குப் போவான். துத்தநாகத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுக்கும் எட்சிங் வேலை. அவன் செய்த ஒரு படத்தை வினீத் தன் கண்காட்சியில் மாட்டிவிட்டான். சங்குமுகம் கடற்கரை, ஆளில்லாத மீன்பிடி வள்ளம், கடலுக்குச் சற்று மேலே முழுநிலா. பத்மப்ரியாவும் பார்க்க வந்தாள்.

சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் படத்துக்குப் பொருள் சொல்லத் தொடங்கினார். "உதிக்கிற நிலா, அது நம்பிக்கை. வள்ளம், புறப்படக் காத்திருக்கிற மனசு."

எல்லோரும் தலையாட்டினார்கள். மஹேஷும் ஆட்டினான். பத்மப்ரியா மட்டும் படத்தின் அருகே போய் உற்றுப் பார்த்தாள்.

"இது உதிக்கற நிலா இல்லே," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அவருக்குச் சென்னையிலே கடல் கிழக்கே. நமக்கு மேற்கேயாக்கும். பௌர்ணமி நிலா நம்ம கடல்லே விடியறச்சேதான் அஸ்தமிக்கும். அப்போ நீங்க ஆபீஸ்லன்னா இருப்பேள்?"

கண்ட காட்சியைக் கண்டபடியே கீறிவைத்த மடையன் என்று தன்னையே நொந்துகொண்டான்.

"போட்டோ பார்த்து வரைஞ்சேன்."

"காட்டுங்கோ."

போனை எடுத்தான். அப்படியொரு போட்டோ அதில் இல்லை. வேறொருத்தி என்று நினைத்துவிட்டாளோ? அதைவிட உண்மையே மேல் என்று பட்டது.

"வேலை போயிடுத்து, பத்மா. மூணு மாசமாச்சு."

வார்த்தையால் கொல்லப்போகிறாள் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"மழை பெஞ்ச ராத்திரியெல்லாம் எங்கே போய் நின்னேள்?"

"தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலே," என்றான். அதற்குமேல் முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டான்.