பொட்டியா, மீசையா

எங்கள் வண்டி பொட்டியா மீசையா என்ற சண்டையைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. பிள்ளை பெற்றதும் வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சண்டைக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில்தான்.

என் வீட்டுக்காரர் பழவேற்காட்டுத் தோணிரேவில் மீன் வேன் ஓட்டினார். விடிந்ததும் மீனையும் ஐஸையும், மீன் விற்கப் போகும் எங்களையும் ஏற்றிக்கொண்டு காட்டூர் வழியாக அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வரை போவார். நான் ஸ்டேஷன் வாசலில் கூடை வைப்பேன். அந்த வேனைச் செய்த கம்பெனி சில வருஷத்துக்கு ஒரு தடவை அதன் முகத்தை மாற்றிக்கொண்டே வந்தது. கம்பெனி வைத்த பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. உருண்டை விளக்கோடு முதலில் வந்தது தவளை. விளக்கு சதுரமானதும் பொட்டி. விளக்குகளுக்கு நடுவில் கறுப்புப் பட்டை வந்ததும் மீசை. அதற்கப்புறம் வந்ததை இவர்கள் வண்டியாகவே மதிப்பதில்லை, அதனால் அதற்குப் பெயரும் இல்லை.

இதோடு விட்டாலாவது பரவாயில்லை. பொட்டியிலேயே முன் பொட்டி, பின் பொட்டி என்று இரண்டு. கதவுக் கீல் வெளியே தெரிந்தால் முன் பொட்டி, உள்ளே மறைந்தால் பின் பொட்டி. கீல் உள்ளே இருந்து, கியர் மட்டும் பழசாக இருந்தால்? அதைப் பேசித் தீர்ப்பதற்குள் ஒரு தீபாவளிச் சோறு ஆறிப்போனது. ஆறினதை நான்தான் மறுபடி சூடு பண்ணினேன்.

சண்டை போட்டது அவரும் அவர் தம்பியும். தம்பிக்குப் பொன்னேரியில் மெக்கானிக் வேலை.

"முன்னாடி இன்னா கீது? மீசை கீது. அப்ப மீசைதான்" என்பார் தம்பி.

"மூஞ்சியப் பாத்தா வண்டிக்குப் பேர் வெப்பாங்க? கீழ குனிஞ்சு சேஸிஸப் பாருடா. பொட்டி சேஸிஸ்."

"சேஸிஸ யார்ண்ணா பாக்கறாங்க ரோட்ல?"

"நான் பாக்கறேன்."

வேறு ஊராக இருந்தால் இந்த வழக்கு ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்திருக்கும். எங்கள் ஊரில் முடியாது, உப்பு விடாது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டும், ஏரிக்காற்றும் சேர்ந்துகொள்ளும், தகரம் அப்பளமாக நொறுங்கும். புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்குப் போய்க் கிடைத்ததை வாங்கி வந்து மாட்டுவார்கள். எங்கள் வண்டிக்கு ஒரு கதவு முன் பொட்டி, இன்னொன்று பின் பொட்டி, ஸ்டியரிங் தவளை, எங்கேயோ மோதிய ஒரு மீசையிலிருந்து கழற்றிய முகம். வாங்கியபோது இருந்ததில் மிச்சம் அடியில் இருந்த சேஸிஸ் மட்டும்தான். அதிலும் நம்பர் இருந்த இடம் துருவேறி மழுங்கிவிட்டது.

கடைசியில் அந்த சேஸிஸும் விரிசல் விட்டது. இனி எஃப்.சி. கிடைக்காது, உடைக்கப் போட வேண்டியதுதான் என்று தம்பியே சொன்னார். அன்றைக்கு இவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு வேறு கவலை. மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டே இறக்கிவிடுவார்.

அந்த வாரம்தான் தம்பி ஒரு சேதி கொண்டுவந்தார். இதே வேன்மீது பைத்தியமாக இருக்கும் கூட்டம் ஒன்று மெட்ராஸில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு வருகிறார்கள். டச்சுக்காரன் கல்லறைச் சுவரோரம் ஜெனரேஷன் வாரியாக வண்டிகளை நிறுத்திப் போட்டோ எடுப்பார்களாம்.

"நம்ம வண்டியும் நிக்கட்டும்ணா. எங்க நிக்கணும்னு அவுங்களே சொல்லட்டும். அப்பால நீ பேசக் கூடாது."

இவர் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது. உடைப்பதற்கு முன்னால் விஷயம் தெரிந்த நாலு பேர் வண்டியை வரிசையில் நிறுத்தி, இது இன்னது என்று சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சனிக்கிழமை சவாரியை விட்டுவிட்டு நாளெல்லாம் தேய்த்துக் கழுவினார். என் கல்யாணத்துக்குக்கூட இவர் இப்படிக் குளித்து வரவில்லை என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்களைத் தாண்டி, சுவரோரம் பளபளவென்று வண்டிகள். தவளை ஆறேழு, பொட்டி அதற்குமேல், கடைசியில் மீசை. எல்லோரும் ஒரே மாதிரி பனியன் போட்ட பையன்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். குனிந்தார்கள், டார்ச் அடித்தார்கள், கீலைத் தடவினார்கள், அவர்களுக்குள் இங்கிலீஷில் சண்டை போட்டார்கள். சேஸிஸ் நம்பரைத் தேடினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டச்சுக்காரன் கல்லில் எழுத்து இன்னும் நேற்று வெட்டினமாதிரி இருக்கிறது. எங்கள் வண்டியில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு பையன் வந்தான். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இது எந்த ஜெனரேஷன்லயும் வரல. எங்க நிறுத்தினாலும் வரிசை தப்பாயிடும். வேணா தனியா ஒரு போட்டோ எடுக்கலாம்."

"வேணாம்பா" என்றார் இவர். சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அப்போதுதான் தம்பிக்குக் கோபம் வந்தது. ஆயுசு முழுக்க மீசை மீசை என்று கத்தினவர், அந்தப் பையன்களிடம் எகிறினார். "இன்னாபா வரல? பொட்டி! பின் பொட்டி! எங்கண்ணன் சொல்றதுதான் ரைட்டு. இன்னா தெரியும் உங்களுக்கு?"

இவர் நின்று திரும்பிப் பார்த்தார். பையன்கள் சொன்னபோது அசையாத முகம் அப்போது விழுந்துவிட்டது. ஜெயித்தவன் முகமா அது? சாகக் கிடக்கிறவனிடம் யாரும் வழக்குப் பேசுவதில்லை, எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். தம்பி தலையாட்டிவிட்டார்.

திரும்பும்போது மூன்று பேரும் முன் சீட்டில். நான் நடுவில். இவர் சும்மா சீண்டிப் பார்த்தார். "கதவு ஒண்ணு முன் பொட்டிதானே?"

"நீ சொன்னா சரிதாண்ணா" என்றார் தம்பி.

அப்புறம் யாரும் பேசவில்லை. நான் எத்தனையோ நாள் வேண்டிக்கொண்ட அமைதி. கிடைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"மீசைதான்" என்றேன். "முன்னாடி மீசை கீது. அப்ப மீசைதான்யா."

வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "உனுக்கு இன்னா தெரியும்? என்னிக்காவது கீழ குனிஞ்சு பாத்துகீறியா?"

"எதுக்குப் பாக்கணும்? மூஞ்சி தெரியல?"

வீடு வந்து சேரும்வரை கத்தினார். கதவை அறைந்து மூடினார். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

வண்டியை அந்த மாதமே உடைத்துவிட்டார்கள். நான் இப்போது ஷேர் ஆட்டோவில் போகிறேன். இவர் இன்னொருவர் வண்டியை ஓட்டுகிறார், பெயர் இல்லாத அந்தப் புது மாடல். தம்பி வரும்போதெல்லாம் இன்னும் பொட்டிதான் என்கிறார். இவர் அவரோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

அதனால் நான்தான் மாட்டிக்கொண்டேன். நான் மீன் விற்றுவிட்டு இடுப்பொடிய வந்து உட்கார்ந்ததும் இவர் ஆரம்பிப்பார். கியர், கீல், சேஸிஸ். எனக்குக் கண் சொக்கும். பொட்டியோ மீசையோ எனக்கு ஒன்றுதான், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் படுத்துத் தூங்கலாம். சொல்லப் பயமாக இருக்கிறது. தலையைத் தூக்கி, "மீசைதான்" என்கிறேன்.