மேனேஜர் பல்பு

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் அவரை ஏணியண்ணன் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். அலுமினிய ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வந்தால் இரண்டு ஏணிகள் சேர்ந்து நடந்து வருவதாகக் கேலி செய்வார்கள். ராட்டினம், குட்டி ரயில், ஆடும் கப்பல், பேய் வீடு என்று எங்கே பல்பு அணைந்தாலும் அவரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும்தான் போய் மாட்ட வேண்டும். அணையாத நாளே கிடையாது. மழை பெய்தால் அணையும், வெயில் அடித்தால் அணையும், பிள்ளைகள் கூச்சல் போட்டால்கூட அணையும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பல்புகளை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அவற்றை வைத்துப் பிழைத்தார்கள்.

மூன்று பேரில் ஒருவன் அவருடைய மனைவியின் தம்பி. வேலையில் கெட்டி, ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. முன்பு வேலை பார்த்த இடங்களிலெல்லாம் எதிர்த்துப் பேசி வெளியே வந்தவன். அக்கா அழுது அடம்பிடித்ததால் ஏணியண்ணன் மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை உள்ளே சேர்த்துவிட்டார். அதற்கப்புறம்தான் அவனுக்குக் கல்யாணமே கூடிவந்தது. இப்போது கைக்குழந்தை வேறு. "என் தம்பி இன்னைக்குத் தலைநிமிர்ந்து நடக்கிறான்னா அது உங்களாலதாங்க" என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். கேட்கும்போதெல்லாம் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதை மறைக்க, "சும்மா இரு, பெரிய சாதனையாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மேனேஜருக்குக் குறை கண்டுபிடிக்காமல் சோறு இறங்காது. தினமும் விளக்குப் போடும் நேரத்துக்கு ஒரு சுற்று வருவார். கண்ணில் ஒரு குறை பட்டுவிட்டால் போதும், "இதைக்கூட நான்தான் வந்து சொல்லணுமா?" என்று ஒரு கத்து கத்திவிட்டு, கடமை முடிந்த திருப்தியில் போய்விடுவார். படாவிட்டால்தான் வம்பு. ஒரு தடவை எல்லா பல்பும் ஒழுங்காக எரிந்து தொலைத்தன. மனுஷர் குறை தேடித் தேடி சுவிட்ச் போர்டு அறைவரை வந்துவிட்டார். அங்கே இவர்கள் டீ போட வைத்திருந்த ஹீட்டர் அகப்பட்டது. மச்சினன் ஏதோ சொல்ல, அவர் ஏதோ சொல்ல, வேலையே போய்விடும் போலாயிற்று. ஏணியண்ணன் இரண்டு நாள் பின்னாலேயே அலைந்து சமாதானம் செய்தார்.

அன்றோடு அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ராட்டினச் சக்கரத்தில், நுழைவாயிலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற ஆரத்தில், ஒரு பல்பை அரைத் திருகு தளர்த்திவிடுவது. மேனேஜர் வருவார், பார்ப்பார், கத்துவார். இவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு ஓடிப்போய் முறுக்கி எரியவைப்பார்கள். அவருக்கும் சந்தோஷம், இவர்களுக்கும் நிம்மதி. அதற்கு மேனேஜர் பல்பு என்று பெயரே விழுந்துவிட்டது. "மேனேஜர் பல்பு ஆச்சா?" என்று கேட்காமல் யாரும் டீ குடிக்கப் போனதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எல்.இ.டி. வந்தது. அதுவரை பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள். அத்தனை குண்டு பல்பையும் ராத்திரி எரித்தால் வசூல் முழுக்கக் கரண்ட் பில்லுக்கே போய்விடும். முதலாளி யோசித்தார். புது விளக்குக்குப் பழையதில் கால்வாசிக் கரண்ட் போதுமாம். அப்படியென்றால் ராத்திரியும் திறக்கலாம், வெயிலுக்குப் பயந்து வராத கூட்டமும் வரும். நடைபாதையில் ஆள் வந்தால் பளிச்சென்று எரிந்து, போனால் மங்கிக்கொள்கிற விளக்குகளாம்.

"நம்மள மாதிரிதான் மாமா. மேனேஜர் வந்தா முழிச்சுக்கும்" என்றான் மச்சினன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "இந்த விளக்கு வருஷக்கணக்கா அணையாதாமே. அப்புறம் நமக்கு இங்க என்ன வேலை?"

"ராத்திரி திறந்தா வேலை கூடத்தானேடா செய்யும்?"

"விளக்கு எரியும் மாமா. நம்ம வீட்டு அடுப்பு எரியாது, பாத்துக்கிட்டே இருங்க."

இதை அவன் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கேண்டீனில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். மேனேஜர் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஏணியண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க மச்சினன் கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கிட்டா நல்லது. திறப்பு நாள் சுத்தமா நடக்கட்டும். ராத்திரி வேலைக்கு ஆள் தேவைன்னு நானே முதலாளிகிட்ட பேசுறேன். நாலு பேரையும் வச்சுக்கலாம். ஆனா ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் என்னால காப்பாத்த முடியாது."

நாலு பேர் என்று அவர் வாயாலேயே சொன்னதை ஏணியண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆட்களிடம் சொன்னார், வீட்டில் சொன்னார். மனைவிக்குக் கண் கலங்கியது. அதற்கப்புறம் அவர் வேலை வாங்கியதைப் பார்க்க வேண்டுமே! பழைய பல்புகளைக் கூடை கூடையாக இறக்கிப் புது விளக்குச் சரங்களை ஏற்றினார்கள். தங்கள் பிழைப்பைத் தாங்களே கழற்றிக் கீழே வைத்தார்கள் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அப்படி யாருக்கும் தோன்றவில்லை, மச்சினனைத் தவிர.

விளக்குக் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் பெண் ஒரு நாள் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். ராட்டினத்துச் சரத்தில் ஒரு விளக்கு தனக்கு வந்த உத்தரவை அடுத்த விளக்குக்குக் கைமாற்றும், நடுவில் ஒன்றின் இணைப்பு விட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனையும் அணைந்துவிடும் என்றாள். அதைச் சொன்ன நேரத்தில் ஏணியண்ணன் அங்கே இல்லை. திறப்பு விழாவுக்கு நாற்காலி எங்கே போடுவது என்று மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார். திரும்பி வந்ததும், "என்னடா சொன்னாங்க?" என்று கேட்டார். "எல்லாம் தானா எரியுமாம்" என்றான் ஒருவன். புது விளக்கைப் போய் யார் தளர்த்தப்போகிறார்கள் என்று மீதியை அவன் சொல்லவில்லை.

திறப்பு நாள் வந்தது. நன்றாக இருட்டிய பிறகு, எட்டு மணிக்கு முதலாளி வந்து பொத்தானை அமுக்குவார். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாவற்றையும் போட்டுச் சோதித்து அணைப்பது என்று ஏற்பாடு. மேனேஜர் மத்தியானத்திலிருந்தே நிலைகொள்ளாமல் சுற்றினார். எல்லாம் புத்தம் புதிது, திட்ட எதுவுமே அகப்படவில்லை. குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தார். காவலாளியின் சட்டைப் பொத்தானை இழுத்துப் பார்த்தார். இந்த வேகத்தில் போனால் அடுத்தது சுவிட்ச் போர்டு அறைதான். அங்கே மச்சினன் உம்மென்று உட்கார்ந்திருக்கிறான். இவர் ஒன்று கேட்டு அவன் ஒன்று சொன்னால் நாலு பேர் கதையும் முடிந்தது.

ஏணியண்ணன் கை பழகிய காரியத்தைச் செய்தது. ராட்டினக்காரரிடம் சொல்லி அந்த ஆரத்தைக் கீழே கொண்டுவந்து, ஒரு விளக்கின் இணைப்பைச் சற்றே தளர்த்திவிட்டார். சோதனையில் மேனேஜர் பார்ப்பார், கத்துவார், மனது ஆறும். முதலாளி வருவதற்குள் முறுக்கிவிடலாம். மற்ற மூவரும் இதைப் பார்த்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார்கள். யாரும் பக்கத்தில் இல்லை.

சோதனை நடப்பதற்குள், இருட்டிய கையோடு முதலாளி வந்துவிட்டார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. கூட்டம் நிற்கிறது, எதற்குக் காக்கவைக்க வேண்டும் என்று நேரே போய்ப் பொத்தானை அமுக்கினார். பூங்கா முழுக்கக் குப்பென்று வெளிச்சம் பரவியது. ராட்டினம் மட்டும் பாதி எரிந்தது, பாதி இருட்டில் கிடந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். முதலாளி மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். ஏணியண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் இன்ஜினியர் பெண் பழுதைக் கண்டுபிடித்திருந்தாள். "இது தானா கழலாது சார். யாரோ கழட்டிவிட்டிருக்காங்க" என்றாள்.

மறுநாள் காலையில் நாலு பேரையும் மேனேஜர் தன் அறையில் நிறுத்தினார். யாரைச் சந்தேகப்படுகிறார் என்று கேட்கவே வேண்டாம்.

"கேண்டீன்ல பேசினது நீதானே? அடுப்பு எரியாதுன்னு சொன்னது?"

"பேசினேன் சார். கழட்டல."

"அப்ப யாரு?"

மச்சினன் நிமிரவில்லை. மேனேஜர் பல்பு எந்த ஆரத்தில் இருக்கும், அதை யார் தளர்த்துவார் என்று அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும். "எனக்குத் தெரியாது சார்" என்றான் தரையைப் பார்த்தபடி. எதிர்த்துப் பேசியே வளர்ந்தவன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை அடக்கிக்கொண்டான்.

மேனேஜர் ஏணியண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்களை நம்பித்தான் கேக்கிறேன். இவன் பண்ணியிருப்பானா, மாட்டானா?"

மாட்டான் என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அவரே பதிலாக வேண்டும். பள்ளிக்கூடம் போகும் தன் பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்தது. மனைவியின் முகமும் வந்தது. அப்படித்தான் அவர் பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதை சொல்கிற நான் அதை நம்பவில்லை. பயந்தார், அவ்வளவுதான்.

"தெரியலைங்களே சார்" என்றார்.

மச்சினன் மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

வீட்டில் அவர் சொல்லத்தான் நினைத்தார். படியேறும்போதே சொற்களைக்கூட அடுக்கி வைத்திருந்தார். மனைவிக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. "நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்துவிட்ட இடத்துல இப்படிப் பண்ணிட்டானே! உங்க மானத்தையும் சேர்த்து வாங்கிட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தார். நாளை என்பது தள்ளிக்கொண்டே போயிற்று.

புது விளக்குகள் சொன்னபடியே அணையவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மற்ற இருவரையும் அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேனேஜர் காரணம்கூடச் சொல்லவில்லை. ஏணியண்ணன் மட்டும் தங்கினார். ராத்திரிக் கூட்டத்துக்கு நடுவே ஏணி இல்லாமல் கையை வீசிக்கொண்டு நடப்பதுதான் இப்போது வேலை. அவர் வந்தால் நடைபாதை விளக்கு பிரகாசிக்கும், தாண்டிப் போனால் மங்கிவிடும். மச்சினன் ஏதோ கிடங்கில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார்கள்.

தம்பியோடு ஏணியண்ணன் மனைவி பேச்சு வார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. அவன் குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததாகக் கேள்விப்பட்ட பிறகுதான் மனசு இளகியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். ஆனால் வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இடுப்பில் குழந்தையோடு, காய்ப்பேறிய கையோடு நின்றான்.

"முதல்ல உங்க மாமாகிட்ட மன்னிப்புக் கேளு. அப்புறம் உள்ள வா."

ஏணியண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அதெல்லாம் எதுக்கு? விடு, பழசை..."

"நீங்க சும்மா இருங்க. உங்க நல்ல மனசுக்குத்தான் எல்லாரும் ஏறி மிதிக்கிறாங்க. கேளுடா!"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கண்ணில் இருந்த பெருமையைப் பார்த்தான். குழந்தையை இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டான்.

"மன்னிச்சிருங்க மாமா. தப்பு என் மேலதான்."

அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். ஏணியண்ணன், "பரவால்லடா, உள்ள வா" என்றார்.