பென்சிலில் எழுதிய ஐந்து

தீர்ப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்த ஐந்து என்ற எண்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆந்திராவின் சித்தூர் கோர்ட்டில் நான் ஸ்டெனோவாக இருந்த காலம். தீர்ப்பைத் தட்டச்சு செய்யும்போது எத்தனை ஆண்டு தண்டனை என்பதற்கு மட்டும் இடம் விட்டுவைப்பேன். ஜட்ஜ் ஐயா மனதில் இருப்பதை உத்தேசமாக ஓரத்தில் குறித்துக்கொள்வார். தண்டனை பற்றிக் குற்றவாளி தரப்பு சொல்வதைக் கேட்ட பிறகே எண்ணை வாய்விட்டுச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கண்ணில் அந்த ஐந்து பட்டுவிட்டது.

ஊருக்கு வெளியே மாம்பழக்கூழ் தொழிற்சாலைகள் புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கே பார்த்தாலும் ஏற்றுமதி என்ற பேச்சு. அப்படி ஒன்றின் வாசலில், வேலைக்கு ஆள் எடுத்த நாளில், தமிழ் பேசும் எல்லையோரக் கிராமத்து இளைஞன் ஒருவன் தன் ஊர்க்காரனையே கட்டையால் அடித்துவிட்டான். அடிபட்டவன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். வரிசையில் வாய்த்தகராறு முற்றி ஆத்திரத்தில் அடித்தது, திட்டம் எதுவும் இல்லை என்று வக்கீல் வாதாடினார். ஜட்ஜ் ஐயா அதை ஏற்றுக்கொண்டதால்தான் அது கொலைக் குற்றம் ஆகவில்லை. அந்த ஐந்தும் அதனால் வந்ததுதான்.

தண்டனை சொல்லும் நாளில் வக்கீல் நான்கு நற்சான்றுக் கடிதங்களை நீட்டினார். தலைமையாசிரியர், பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச் என்று ஒவ்வொருவர் பெயரில் இருந்தாலும் எழுதியது ஒரே ஆள். வக்கீல் குமாஸ்தாவின் எழுத்து எனக்குத் தெரியாதா? ஐயா மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் தள்ளினார். அப்போது அவனுடைய அம்மா கைகூப்பியபடி எழுந்து நின்றாள். வக்கீல் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். “பேசட்டும்” என்றார் ஐயா.

ஐயா கோதாவரிப் பக்கத்துக்காரர், தமிழ் வராது. அவளுக்கோ சந்தைக்கு வேண்டிய தெலுங்குக்கு மேல் தெரியாது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறாய் என்று ஐயா முன்பு ஒருமுறை பாராட்டியிருந்தார். அது தலைக்கேறியிருந்த வயது எனக்கு.

“சாமி, எம்புள்ள ஆத்திரக்காரன் இல்ல. எதுன்னாலும் நாலு நாளு மனசுல வச்சிக்கினு, நல்லா யோசிச்சிதான் செய்வான். எடுத்தேன் கவுத்தேன்னு ஒண்ணும் செய்யமாட்டான்.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அவனைக் காப்பாற்றிய ஒரே வாதம் ஆத்திரம். பெற்றவள் அதைத்தான் இல்லை என்கிறாள். நிதானமான பிள்ளை என்று சுருக்கியிருக்கலாம். நான் சுருக்கவில்லை. நாலு நாளையும் சேர்த்து, நல்ல தெலுங்கில், கணீரென்று சொன்னேன்.

“நாலுகு ரோஜுலா?” என்றார் ஐயா. நாலு நாளா என்று அவளிடம் கேட்டேன்.

“ஆமா சாமி, சில வாட்டி அதுக்கும் மேல” என்றாள், முகமெல்லாம் பெருமையாக. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் ஐயா என்று சேர்த்துச் சொல்லாமல், அதையும் அப்படியே தெலுங்கில் சொன்னேன். ஐயா ரப்பரை எடுத்துத் தாளின் ஓரத்தில் தேய்த்து, துகளை ஊதினார். பிறகு “ஏழு” என்றார். விட்டிருந்த இடத்தில் நான் அதைத் தட்டச்சு செய்தேன்.

கடிதமும் கண்ணீரும் ஜட்ஜ் மனதை மாற்றுமா என்று இப்போதும் யாராவது கேட்பதுண்டு. அன்று கடிதங்கள் மாற்றவில்லை. அம்மா மாற்றினாள். அவள்தானா, நானா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பல வருடம் கழித்து, திருப்பதி பஸ் நிலையத்தில் அவள்தான் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். மகனுக்கு அங்கே ஓர் ஓட்டலில் சமையல் வேலையாம்.

“பத்து வருசம் போட்டுடுவாங்கன்னு வக்கீலு சொன்னாரும்மா. நான் சொன்னத நீ ஒண்ணு விடாம சொன்னியே, அதனாலதான் ஏழோட போச்சு. உன்ன நெனைக்காத நாளில்ல.”

பக்கத்தில் மகன் நின்றிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. தெலுங்கு மீடியத்தில் படித்தவன். அன்று கூண்டில் நின்று நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டவன். என்னை நேராகப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, இத்தனை வருடமும் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. எனக்குக் கூசியது.

“பஸ்ஸு கெளம்புதும்மா, வா” என்று அவள் பையை வாங்கிக்கொண்டான்.

அவனுக்கும் தெரியாத ஒன்று உண்டு. தீர்ப்பில் ஏழுதான் இருக்கிறது. பென்சிலில் இருந்த ஐந்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஜட்ஜ் ஐயா காலமாகிவிட்டார். அந்த இரண்டு வருடத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.